நான்காம் வேற்றுமை

பட்டுச் சட்டையில் ஏற்கெனவே இருந்த இரண்டு துளைகளுக்குள் ஞானேஸ்வரி ஊசியைச் சரியாக இறக்கினாள். எட்டு வருடமாக அதே சட்டை, அதே துளைகள், அதே வலது மார்பு. பதக்கத்தை இடது மார்பில் குத்தவேண்டும் என்பது அவள் கணவர் பாலேந்திராவுக்குத் தெரியாததல்ல. டென்மார்க்கின் விபோர்க் நகரில் இருக்கும் தமிழர்களில் அது தெரிந்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். ஆனால் இடது தோளில் சால்வை தொங்குகிறது. முதல்முறை மேடையேறியபோது சம்பந்தி தர்மகுலசிங்கமே அதைக் கழற்றி வலப்பக்கம் மாற்றிக் குத்திவிட்டார். சால்வைக்குக் கீழே கிடந்தால் சனம் எப்படிப் பார்ப்பது என்பது அவருடைய கேள்வி.

"ஆடாதையுங்கோ" என்றாள் ஞானேஸ்வரி. "மூச்சையும் கொஞ்சம் பிடியுங்கோ. வயிறு பதக்கத்தைத் தள்ளுது."

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு டெனிஸ்காரர் அரைக்காற்சட்டையோடு புல் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் மார்பில் ஒன்றுமில்லை, சட்டைகூட இல்லை. பாலேந்திரா அவரைப் பொறாமையோடு பார்த்தார். இன்னும் இரண்டு மணித்தியாலத்தில் தமிழ்ச் சங்கத்தின் நாற்பதாவது ஆண்டு விழா. முன்வரிசையில் நடு நாற்காலி, விளக்கேற்றல், வாழ்த்துரை. அந்த வாழ்த்துரையில் ஓர் உண்மையைச் சொல்வதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். உண்மை மிகச் சின்னது. இந்தப் பதக்கத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. வைலே நகரில் நிக்கலஸ் என்ற பதக்க வியாபாரியிடம் காசு கொடுத்து வாங்கினார். அவர் அதைக் கடதாசிப் பையில் போட்டு, ரசீதும் எழுதித் தந்தார்.

பாலேந்திரா இருபத்தேழு வருடம் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு பிரிக்கும் வரிசையில் நின்றவர். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் முட்டை உடைத்தாலே முகத்தைச் சுளிப்பவர் என்பது வேறு விஷயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சாமான் சந்தையில், பொத்தான்கள் கிடந்த பிஸ்கட் தகரத்துக்குள் ஒரு வெண்கல வட்டத்தைக் கண்டெடுத்தார். 1864இல் ஜெர்மன்காரரிடம் டென்மார்க் தோற்ற போரில் நின்றவர்களுக்குப் பல வருடம் கழித்துக் கொடுத்த பதக்கம் என்று விற்ற கிழவி சொன்னாள். தோற்றவர்களுக்கும் பதக்கம் கொடுக்கிற நாடா என்று பாலேந்திரா திரும்பத் திரும்ப யோசித்தார். அந்த யோசனையோடு அடுத்த ஞாயிறும் சந்தைக்குப் போனார். பிறகு அது பழக்கமாகிவிட்டது. எந்த ராசாவின் எழுத்து எந்தப் பதக்கத்தில், எந்தப் பட்டிக்கு எத்தனை கோடு என்பதெல்லாம் பிள்ளைகளின் பிறந்த நாட்களைவிட நன்றாக மனதில் நின்றன.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை வைலேக்கு ரயிலேறுவார். அங்கே நூல்நிலையத்தின் மேல்மாடியில் சேகரிப்பாளர் வட்டம் கூடும். வெள்ளைக் கையுறை அணிந்த பத்துப் பதினொரு டெனிஸ் ஆண்கள் 'நமது படைப்பிரிவு', 'நமது கப்டன்' என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். அவர்களில் ஒருவர் பல் வைத்தியர், ஒருவர் உடற்பயிற்சி வாத்தியார், ஒருவர் குளியலறை ஓடு விற்றவர். செயலாளரும் பதக்க வியாபாரியுமான நிக்கலஸ் மட்டும் இளம் வயதில் ஒன்பது மாதம் கட்டாய இராணுவச் சேவைக்குப் போய், முகாமின் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தவர். அதன் பிறகு அவர் ஒருபோதும் கூன் போட்டு உட்கார்ந்ததில்லை. மேசையில் ஒரு பதக்கத்தை வைத்தால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். அரண்மனை கொடுத்ததா, பொற்கொல்லன் செய்த நகலா? அரண்மனை கொடுத்தது என்றால் கையுறைகள் நீளும். நகல் என்றால் கோப்பிக் கோப்பையின் பக்கம் போய்விடும்.

அங்கேதான் பாலேந்திராவின் மார்புக்கு வந்த இந்தச் சிலுவைப் பதக்கம் கிடைத்தது. ஒரு விரல் நீளம், வெள்ளை எனாமல், சிவப்பு விளிம்பு. டென்மார்க்கின் கொடிக்கு என்ன பெயரோ அதே பெயர்தான் இந்த விருதுக்கும்: டானெப்ரோ. இதைப் பெறுகிறவர் 'ரிதர்'. நம்முடைய பாஷையில் சொன்னால் சேர் பட்டம். இந்தச் சிலுவையை முதலில் பெற்றவர் 1864 போரில் ஒரு கப்டன். துப்பாக்கியைத் தொடாதவர், குதிரைகளுக்கு வைக்கோல் வாங்கிக் கொடுத்தவர். பெற்றவர் இறந்ததும் சிலுவையை அரண்மனைக்குத் திருப்பி அனுப்பவேண்டும் என்பது விதி. கப்டனின் குடும்பம் அது தொலைந்துவிட்டதாக எழுதி அனுப்பிவிட்டு, மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டது. ஆக, பாலேந்திராவிடம் வரும் முன்பே அந்தச் சிலுவைக்குப் பொய் பழக்கமாகியிருந்தது.

எட்டு வருடத்துக்கு முன் அவருடைய மகள் சயந்தினிக்குச் சம்பந்தம் பேச தர்மகுலசிங்கமும் மனைவி ராசமலரும் வந்தார்கள். பிள்ளைகள் இருவரும் ஓகூஸ் நகரில் படிக்கும்போதே எல்லாவற்றையும் தீர்மானித்திருந்தார்கள். தாங்கள்தான் தீர்மானித்தோம் என்று நம்புவது மட்டும் பெரியவர்களுக்கு மீதமிருந்தது. தர்மகுலசிங்கம் முன்னாள் பஸ் சாரதி, இந்நாள் சங்கத் தலைவர். தண்ணீர் கேட்டாலும் அறிவித்தல் மாதிரித்தான் கேட்பார். அவர் கண் சுவரில் பட்டது. கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தச் சிலுவை.

"இதென்னண்ணை, சாமிப்படத்துக்குப் பக்கத்தில?"

வைலேயில் பழகிய வாய் தானாகத் திறந்தது. "அது கொப்பி இல்லை. அரண்மனையால குடுத்தது."

இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் கிடையாது. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலையில் ஆறாம் வகுப்புக்கு வேற்றுமை படிப்பிப்பவரே பாலேந்திராதான். 'அரசன் புலவனுக்குப் பொன் கொடுத்தான்' என்று பலகையில் எழுதி, 'கு'வின் கீழே கோடு போட்டு, இது நாலாம் வேற்றுமை, வாங்குகிறவன் இந்த ஓர் எழுத்துக்குள்தான் இருக்கிறான், இதை விட்டால் பொன் எங்கே போனதென்றே தெரியாது என்று சொல்லிக்கொடுப்பவர். அன்று அவரே அதை விட்டுவிட்டார். பொன் எங்கே போனது என்பதைத் தர்மகுலசிங்கம் தானாகவே தீர்மானித்துக்கொண்டார்.

அவர் சோபாவிலிருந்து எழுந்து நின்றார். வாயில் பாதி வடையோடு இருந்த ராசமலரையும் கண்ணால் எழுப்பினார். இருபத்தேழு வருடம் எலும்பு பிரித்த மனிதருக்கு முன்னால் ஒருவர் எழுந்து நிற்பது அதுதான் முதல் தடவை. திருத்துவதற்கு ஒரு நொடி இருந்தது. தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்ற ஞானேஸ்வரி அந்த நொடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாலேந்திரா அந்த நொடியில் செய்ததெல்லாம், "இருங்கோ, இருங்கோ" என்று கையைத் தாழ்த்திக் காட்டியதுதான். சேர் பட்டம் பெற்றவர்கள் காட்டுவதும் அப்படித்தான்.

கல்யாணக் கார்டில் 'ரிதர் சேர் பாலேந்திரா' என்று ஒரே பட்டம் இரண்டு பாஷையில் வந்தது. சிலுவை குத்திக்கொண்டு வருகிறவரைக் கோயில் திருவிழாவில் முன்னுக்கு விடலாமா என்று நிர்வாகசபையில் ஒரு கேள்வி எழுந்தது. அது சிலுவை இல்லை, கூட்டல் குறி என்று தர்மகுலசிங்கம் விளக்கம் கொடுத்ததும் அடங்கியது. அதற்குப் பிறகு விபோர்க்கில் எந்த விளக்கும் பாலேந்திரா இல்லாமல் எரிந்ததில்லை.

மேன்மை என்பது இவ்வளவு ஆடாமல் அசையாமல் இருக்கவேண்டிய வேலை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. விழாக்களில் ரோல்ஸ் வாங்க வரிசையில் நிற்க முடியாது. தட்டில் வைத்துக் கொண்டுவந்து தருவார்கள், அதுவும் ஆறிப்போனதாக. நன்றியுரை முடியுமட்டும் ஒன்றுக்குப் போக முடியாது. பழைய சாமான் சந்தைக்குப் போனால், ரிதர் ஏன் குப்பை கிண்டுகிறார் என்று யாராவது கேட்பார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய தண்டனை அவர் வீட்டு மேல்மாடி அறையில் இருந்தது. சுவரில் ஒரு பதக்கம் இருந்தால் அது விருது. அறுபத்து நான்கு இருந்தால் அது கடை. ஆகவே மற்ற அறுபத்து மூன்றும் பூட்டுக்குள் போயின. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்த அறைக்குள் பூஞ்சணம் என்று சொல்லியிருந்தார்கள். காட்டுவதற்காகவே சேகரிக்கிறவன் காட்ட முடியாமல் இருப்பது எப்படி என்று அவர் ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. மத்தியானங்களில் கதவைச் சாத்திவிட்டு அவற்றைத் துடைப்பார். வெளியே வரும்போது ஞானேஸ்வரி, "பூஞ்சணம் எப்பிடி இருக்கு?" என்று கேட்பாள்.

மூன்று கிழமைக்கு முன் உள்ளூர்ப் பத்திரிகையில் விழா அறிவித்தலோடு அவர் படமும் வந்தது. அடுத்த நாளே நிக்கலஸிடமிருந்து தொலைபேசி. பாலேந்திரா கதவைச் சாத்திவிட்டுக் காதில் வைத்தார். தனக்குக் கொடுக்காத விருதை அணிவதற்கு இந்த நாட்டில் தண்டம் உண்டு என்று அந்த வட்டத்தில் அவர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். ஆனால் நிக்கலஸின் குரல் தழுதழுத்தது. இங்கிலாந்தில், இறந்துபோன சொந்தக்காரரின் பதக்கத்தை வலது மார்பில் அணிவார்களாம். வலப்பக்கம் என்றால், இது என்னுடையதல்ல, இதைப் பெற்றவரை நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று பொருளாம். டென்மார்க்கில் அந்த வழக்கம் இல்லைதான். இருந்தாலும் கைவிடப்பட்ட நமது கப்டனுக்கு எங்கிருந்தோ வந்த ஒரு மனிதர் வாரிசாக நிற்பதைப் பத்திரிகையில் கண்டதும் தன்னால் காலைச் சாப்பாட்டை முடிக்க முடியவில்லை என்றார். பல் வைத்தியரும் அழுதாராம். விழாவுக்குத் தான் கட்டாயம் வருவதாகச் சொல்லி வைத்தார்.

ஆக, ஒரே துண்டு எனாமல் தமிழர்களுக்கு ஒன்றையும் டெனிஸ்காரர்களுக்கு இன்னொன்றையும் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே மண்டபத்தில் உட்காரப்போகிறார்கள். நிக்கலஸ் பக்கத்தில் இருக்கும் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

ஆனால் அவரை உண்மையில் அசைத்தது அதுவல்ல. அந்த வாரம் சயந்தினி தனியாக வந்தாள். மருந்தகத்தில் வேலை செய்கிறவள். வீட்டில் டெனிஸில்தான் கதைப்பாள். தமிழ் பேசினால் விஷயம் பெரிது என்று பெற்றோருக்குத் தெரியும். ஓகூஸில் அவளுக்கு ஒரு நல்ல பதவி வந்திருந்தது. கணவன் சுஜிந்தனுக்கும் அங்கே போக விருப்பம். மாமனார் தர்மகுலசிங்கம் வீட்டில்தான் முடியாது என்றார்கள். அவர்கள் சொன்ன ஒரே காரணம், ரிதரின் மகள் விபோர்க்கை விட்டுப் போனால் சனம் என்ன நினைக்கும் என்பது.

"எனக்கு முதலாம் வருஷமே தெரியும் அப்பா" என்றாள். "ரசீதை நான் கண்டனான். உங்களுக்கு அது ஒரு நாள் கூத்து. எனக்கு ஒவ்வொரு நாளும். சோறு குழைஞ்சாலும் 'ரிதரின்ர மகள்', வேலையால பிந்தி வந்தாலும் 'ரிதரின்ர மகள்'. நான் ஆரெண்டே அந்த வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. அவையள் கோவிக்கட்டும். கோவிச்சாத்தான் எங்களைப் போகவிடுவினம்."

ஞானேஸ்வரி மகளுக்கு முன்னால் தட்டைத் தள்ளிவைத்தாள். பாலேந்திரா மகளின் கையைப் பிடித்து, சொல்லுறன் என்றார்.

பாடசாலை விளையாட்டு மண்டபத்தில் கூடைப்பந்துக் கம்பத்துக்குக் கீழே மேடை போட்டிருந்தார்கள். அழைப்பிதழில் நகரபிதா என்று இருந்தது. அவருக்குப் பதில் நகரசபையின் கலாசாரக் குழுவிலிருந்து ஒரு பெண்மணி சைக்கிளில் வந்து இறங்கினார். நாதஸ்வரத்தோடு வாசலில் நின்றவர்கள் அவரைத் தபால் கொண்டுவந்தவர் என்று நினைத்து வழிவிட்டார்கள். பிறகு விஷயம் தெரிந்து, தலைக்கவசத்தோடேயே அவருக்கு மாலை விழுந்தது. நிக்கலஸ் கடைசி வரிசையில், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். சயந்தினி மூன்றாம் வரிசையில், மாமியாருக்குப் பக்கத்தில். தகப்பனைப் பார்த்து ஒருதரம் தலையை அசைத்தாள்.

இரண்டு நடனமும் ஐந்து உரையும் முடிந்தன. தர்மகுலசிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்து, எமது இனத்தின் ஒரே ரிதர், எனது சம்பந்தி என்ற பெரும்பேற்றை எனக்கு அளித்தவர் என்று மூச்சுவிடாமல் அழைத்தார். பாலேந்திரா எழுந்து போனார். பைக்குள் எழுதிவைத்த தாளை எடுத்தார். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. தாளை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். எட்டு வருடத்துக்கு முன் விட்ட எழுத்தை மட்டும் போட்டால் போதும் என்று தோன்றியது.

விரலை வலது மார்பில் வைத்தார். "இந்தப் பதக்கம்" என்றார். மகளைப் பார்த்தார். "இது எனக்குக் குடுத்ததில்லை."

பின்னால் யாரோ தேத்தண்ணிக் கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது. சயந்தினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாலேந்திரா அடுத்த வாக்கியத்துக்கு மூச்செடுத்தார். வேறொருவருக்குக் கொடுத்தது, வைக்கோல் வாங்கிய ஒரு கப்டனுக்குக் கொடுத்தது என்று அது நாக்கின் நுனியில் நின்றது. அந்த மூச்சு முடியும் முன் தர்மகுலசிங்கம் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நடிப்பல்ல, அந்த மனிதர் மெய்யாகவே அழுதுகொண்டிருந்தார்.

"கேட்டீங்களோ சபையோரே. எனக்குக் குடுத்ததில்லை எண்டுறார். அப்ப ஆருக்குக் குடுத்தது?" மண்டபத்தைச் சுற்றிக் கையை வீசினார். "எங்களுக்கு. எங்கள் எல்லாருக்கும்."

நாலாம் வேற்றுமை வந்து சேர்ந்தது. முன்வரிசை எழுந்தது, பிறகு மற்ற வரிசைகள், பிறகு பற்றீஸ் தட்டோடு நின்றவர்கள். பாலேந்திரா, இல்லை, வேறை ஆளுக்கு, என்று சொன்னார். அது ஒலிவாங்கியில் விழவில்லை. விழுந்திருந்தாலும் அதற்கும் ஒரு பொருள் கண்டுபிடித்திருப்பார்கள். தர்மகுலசிங்கம் குனிந்து கலாசாரக் குழுப் பெண்மணிக்கு டெனிஸில் விளக்கினார். நீ ஒன்றும் பெரிய ஆள் இல்லை என்பதைப் பால்குடி மறக்குமுன்பே படித்து வளர்ந்த நாடு அது. விருதைப் பெற்றவரே அது தன்னுடையதல்ல என்று சொன்னதாகக் கேட்டதும் அந்தப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார். அவருடைய மாலையிலிருந்து பூக்கள் உதிர்ந்தன.

கைதட்டல் தணிந்த இடத்தில் மீண்டும் ஒரு நொடி கிடைத்தது. பாலேந்திராவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. எட்டு வருடத்துக்கு முன் வந்த அதே நொடி, அதே அளவு. முந்நூறு பேர் அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். பன்றித் தொழிற்சாலையில் அவரோடு வரிசையில் நின்ற நாலைந்து பேரும் அவர்களுக்குள் இருந்தார்கள். எலும்பு பிரித்தே வளையாமற்போன விரல்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையைத் தூக்கித் தாழ்த்தினார். "இருங்கோ" என்றார். "இருங்கோ."

அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாருக்கும் கொடுத்தது என்றால் எல்லாரும் அணியலாம் என்று முதலில் சொன்னது யார் என்று பிறகு யாருக்கும் ஞாபகமில்லை. நிர்வாகசபையினர் முதலில் என்று தீர்மானமாகி, தர்மகுலசிங்கம் தானே பதக்கத்தைக் கழற்றித் தன் மார்பில் குத்திப் படம் எடுத்துக்கொண்டார். அடுத்து பொருளாளர், அடுத்து உபதலைவர், அதற்குப் பிறகு கூடைப்பந்துக் கோட்டின் மேல் ஒரு வரிசை நீண்டது. சிலுவை ஒரு பட்டுச் சட்டையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. எல்லாருக்கும் இடது தோளில் சால்வை. ஆகவே எல்லாருக்கும் வலது மார்பு. கடைசி வரிசையில் நிக்கலஸ் மெதுவாக எழுந்து நின்றார். கைதட்டுகிறவர்களுக்கு நடுவில் அவர் மட்டும் கைதட்டவில்லை. கைகளைத் தொடையோடு ஒட்டி, முகாமில் படித்தது மாதிரி விறைப்பாக நின்றார். நூற்றைம்பது வருடமாக யாரும் தேடாத வைக்கோல் கப்டனுக்கு ஒருவர் பின் ஒருவராக வேட்டி கட்டிய வாரிசுகள் வந்துகொண்டிருந்தார்கள். நிக்கலஸின் உதடுகள் நடுங்கின.

பாலேந்திரா மேடை ஓரத்தில் நின்றார். மார்பில் இரண்டு துளைகள் மட்டும் இருந்தன. எட்டு வருடத்தில் முதல்முறையாக யாரும் அவரைப் பார்க்கவில்லை. ரோல்ஸ் மேசைக்கு வரிசையே இல்லை. போய் ஒன்றை எடுக்கலாம், சூடாக. ஒரு காலை எடுத்தும் வைத்தார்.

அப்போதுதான் வரிசையின் முனையில் ராசமலரைக் கண்டார். அவள் ஒரு கையில் சிலுவையும் மறு கையில் சயந்தினியின் மணிக்கட்டுமாக வந்துகொண்டிருந்தாள். சேலைத் தலைப்பு இடது தோளில். ராசமலர் மருமகளின் வலப்பக்கத்தைப் பார்த்து, இடத்தைத் தெரிந்தெடுத்து, பட்டுத் துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தாள்.

"ரிதரின்ர மகள் எங்கயும் போகமாட்டா" என்று படம் எடுப்பவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு ஊசியைத் திறந்தாள். "ஆடாதை பிள்ளை."

சயந்தினி கூட்டத்துக்கு மேலால் தகப்பனைத் தேடிப் பிடித்தாள். ஊசி பட்டுக்குள் இறங்கும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.